கதவோரத்துச் சீட்டு

நடுத்தரக் குடும்பத்தார் மோட்டார் வண்டி வைத்திருப்பது, பசு மாடு வைத்திருப்பதைப் போன்றது. வாங்கும் செலவு ஒருநாளோடு முடிந்துவிடும். தீனிச் செலவுதான் முடிவதில்லை. ஆகவே எங்கே நாலு காசு மிச்சம் பிடிக்கலாம் என்று குடும்பத் தலைவன் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பான். அவ்விதம் காத்திருந்து நான் பிடித்த மிச்சம் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பிறர்மீது பழி சொல்ல ஏதுமில்லை. தவறு முழுவதும் என்னுடையதே.

எங்கள் வண்டி 2006-ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆக்சென்ட். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உருவானது. 2014-இல் நான் பணி ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஒருவர் கைமாறிய நிலையில் இதை வாங்கினேன். பழைய வண்டியாயினும் குறை சொல்ல முடியாத வண்டி. திருச்சியில் எங்கள் தெருவிலே யாருக்கு அவசரம் என்றாலும் இரவு பகல் பாராமல் புறப்பட்ட வண்டி அது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நான்கு டயர்களும் தேய்ந்துபோயின. டயரின் ஓடுபரப்பிலுள்ள நீண்ட பள்ளங்களுக்குள் இடையிடையே சிறு மேடுகள் குறுக்காக அமைந்திருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததும் அந்த மேடுகள் ஓடுபரப்போடு சமமாகிவிடும்; டயரை மாற்ற வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அதைக் கண்டதும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயா, உங்கள் வண்டிக்கு உரியது 175/70 ஆர் 13. இப்போது கையிருப்பில் இல்லை. புதிதாக வருகிற வண்டிகளுக்கெல்லாம் பதினான்கு, பதினைந்து அங்குலம் என்று ஆகிவிட்டது. ஒரு வாரம் பொறுத்தால் வரவழைத்துத் தருகிறேன்."

கடைச் சுவரோரம் புத்தம்புதிய டயர்கள் சில அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பக்கவாட்டில் 155/70 ஆர் 13 என்று இருந்தது.

"அதுவும் பதின்மூன்றுதானே?"

"பதின்மூன்றுதான். ஆனால் சான்ட்ரோ போன்ற சிறிய வண்டிக்கு உரியது. உங்கள் ரிம்மில் ஏறும், ஆனால்..."

"ஏறுமல்லவா? அது போதும்."

அவர் சொல்ல வந்ததை நான் சொல்லவிடவில்லை. டயர் ஒன்றுக்கு 800 ரூபாய் குறைவு. நான்கிற்கு 3,200 ரூபாய் மிச்சம். அன்றியும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. என் தகப்பனார் காலத்து அம்பாசிடர் வண்டிக்கு 5.90-15 என்று இரண்டே எண்கள். இரண்டும் அங்குலக் கணக்கு. பின்னது ரிம்மின் அளவு. "பதினைந்து" என்று சொன்னால் வேலை முடிந்துவிடும் என்பதே சிறுவயதில் நான் கற்றிருந்த பாடம். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு இந்த வண்டிக்கும் கணக்குப் போட்டேன்.

புது டயர் போட்ட பிறகு வண்டியில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்து வந்த வண்டி, 14.7 கிலோமீட்டர் கொடுக்கலாயிற்று. இதை நான் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. மாலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களிடம், "சிக்கனம் என்பது ஒரு கலை" என்றுகூடச் சொன்னதாக நினைவு.

சில தொல்லைகளும் உண்டாயின. எங்கள் தெருமுனை வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் உரசத் தொடங்கியது. "போட்டவர்கள் அளவில்லாமல் போட்டுவிட்டார்கள்" என்று முணுமுணுத்தேன். சாலைப் பள்ளங்களில் முன்னைக்காட்டிலும் அதிகமாகத் தூக்கிப் போட்டது. "சாலை கெட்டுவிட்டது" என்றேன். என் அளவில் பிழை இருக்கக்கூடும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

2019-ஆம் ஆண்டு மே மாதம். திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் இளைய மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முதற்பிரசவம் ஆதலால் தாய்வீட்டுக்கு அழைத்துவர நானும் என் மனைவியும் புறப்பட்டோம். பள்ளி விடுமுறையில் இருந்த மகன்வழிப் பேரனும் உடன் வந்தான். அப்போது அவனுக்குப் பத்து வயது. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை. பொழுதுபோக்காக அவன் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு வந்தான்.

மணப்பாறையைத் தாண்டியபோது, "தாத்தா, இப்போது மீட்டரில் எவ்வளவு?" என்று கேட்டான். சொன்னேன். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்டான். மீண்டும் சொன்னேன். நோட்டில் எதையோ கூட்டிக் கழித்துவிட்டு, "தாத்தா, கல்லுக்குக் கல் 20 கிலோமீட்டர்தான் வந்திருக்கிறோம். உங்கள் வண்டி 21 என்கிறதே!" என்றான்.

"கல் நட்டவர்கள் அளந்து நட்டிருக்க மாட்டார்கள்" என்றேன்.

பிள்ளை பேசாமல் இருந்துவிட்டான். ஆனால் நோட்டை மூடவில்லை.

மறுநாள் முற்பகலில் திண்டுக்கல்லிலிருந்து திரும்பினோம். கத்திரி வெயில். முன் இருக்கையில் என் மகள். பின்னால் என் மனைவியும் மருமகனும் பேரனும். சம்பந்தியம்மாள் பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவாரா? ஒரு மூட்டை அரிசி, இரண்டு சீப்பு சிறுமலை வாழைப்பழம், தேக்கில் செய்த தொட்டில் கட்டை, துணிப்பெட்டிகள் என்று பின்பக்கம் நிறைந்துவிட்டது. வண்டியின் வால் தாழ்ந்திருந்ததைப் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. டயர்களுக்குக் காற்று நிரப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதையும் நினைக்கவில்லை.

அய்யலூரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், சாலைப் பள்ளம் ஒன்றில் பின்சக்கரம் 'தடால்' என்று விழுந்து எழுந்தது. என் மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "ஒன்றுமில்லை அப்பா, மெதுவாகப் போங்கள்" என்றாள். அதன்பின் வண்டி ஒரே சீராக அதிரத் தொடங்கியது. பேரனோ, "தாத்தா, இன்றைக்கும் 20-க்கு 21 வருகிறது" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அதட்டிவிட்டேன்.

"என்னங்க, எங்கேயாவது நிறுத்துங்கள், பெண்ணுக்கு ஏதாவது குடிக்க வாங்கிக் கொடுக்கலாம்" என்றாள் என் மனைவி. வையம்பட்டியில் ஒரு தேநீர்க் கடை முன் நிறுத்தினேன். அடுத்தாற்போல் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அதை நடத்திய முதியவர், யாரும் கேட்காமலே எழுந்து வந்து இடதுபக்கப் பின்சக்கரத்தின் அருகே குந்தினார்.

"ஐயா, இங்கே வந்து பாருங்கள்."

டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. விரலால் அழுத்தியபோது உள்ளே வலுவே இல்லை.

"பள்ளத்தில் அடிபட்டு உள்நூல் அறுந்துவிட்டது. காற்றை இப்போது வெறும் ரப்பர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில், இந்தப் பாரத்தோடு, இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாது" என்றார். பிறகு நிமிர்ந்து, முன்னிருக்கையில் அமர்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

என் கால்கள் தளர்ந்துபோயின.

ஸ்டெப்னியை எடுத்தார். அது வண்டியோடு வந்த பழைய டயர். ஆண்டுக்கணக்கில் பெட்டிக்கு அடியிலேயே கிடந்தது. கழற்றிய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் தரையில் அருகருகே நிறுத்தியபோதுதான் என் கண் திறந்தது. ஸ்டெப்னி ஒன்றரை விரற்கடை உயரமாக நின்றது. ஒரே வண்டியின் சக்கரங்கள் அண்ணனும் தம்பியும்போல் நின்றன.

"அளவு மாற்றிப் போட்டிருக்கிறீர்களே!" என்றார் அவர்.

"ரிம்மில் ஏறியது..." என்று இழுத்தேன்.

"ரிம்மில் ஏறுவது வேறு ஐயா, பாரத்தை ஏற்பது வேறு."

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை. ஸ்டெப்னியும் வெடிப்பு விழுந்த பழைய ரப்பர்தான். ஆகவே 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று எச்சரித்து, மற்றச் சக்கரங்களுக்கும் காற்று நிரப்பி அனுப்பினார். அரிசி மூட்டையையும் தொட்டில் கட்டையையும் அவர் கடையிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து திருச்சி வந்து சேர்ந்தோம். வழி நெடுக வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. பேரனை அருகில் அழைத்து, அதட்டியதற்கு வருத்தம் தெரிவித்து, அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மறுநாள் காலையில் இருவரும் வண்டியருகே போய் உட்கார்ந்தோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவோரத் தூணில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்த வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்றின் அளவும் அதில் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளன. ஐந்து ஆண்டுகளாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை.

அந்த எண்களின் பொருளை வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது. 175/70 ஆர் 13 என்பதில் முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கில். 'ஆர்' என்பது டயரின் உள்நூல்கள் விளிம்புக்கு விளிம்பு நேர்குறுக்காக ஓடும் ரேடியல் அமைப்பைக் குறிக்கும். கடைசி எண்தான் ரிம்மின் அளவு, அங்குலத்தில்.

பேரன் கணக்குப் போட்டான். 175-இல் நூற்றுக்கு 70 பங்கு 122.5 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், 245. பதின்மூன்று அங்குலம் என்பது 330.2 மில்லிமீட்டர். கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் ஏறத்தாழ 575 மில்லிமீட்டர். நான் வாங்கிய 155/70-க்கு அதே கணக்கைப் போட்டால் 547 மில்லிமீட்டர்தான். குறைவு 28 மில்லிமீட்டர், நூற்றுக்கு ஐந்து.

அத்தனை புதிருக்கும் விடை அதில் இருந்தது. மீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதுதான் தெரியும். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமுறை சுற்றும். ஆகவே 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி 21 என்று காட்டியது. நான் பெருமை பேசிய 14.7 கிலோமீட்டரும் அந்தப் பொய்க் கணக்குதான். பெட்ரோல் ஒரு சொட்டுகூட மிச்சமாகவில்லை. உயரம் 28 மில்லிமீட்டர் குறைந்தால் வண்டியின் அடிப்பாகம் அதில் பாதி, அதாவது 14 மில்லிமீட்டர் தாழும். வேகத்தடை உயரவில்லை, என் வண்டிதான் தாழ்ந்திருந்தது. பக்கச்சுவரும் 14 மில்லிமீட்டர் குட்டை. ஆகவே பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் இடமும் அவ்வளவு குறைவு.

இவை எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அளவை அடுத்துச் சிறிதாக எழுதியிருக்கும் மற்றோர் எண். என் வண்டிக்கு உரிய டயரில் 82 டி என்று இருக்கும். 82 என்பது அந்த ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. 'டி' என்ற எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் என்பதற்கு. நான் போட்டிருந்த டயரிலோ 75. அதன் பொருள் 387 கிலோ. ஒவ்வொரு சக்கரத்திலும் 88 கிலோ குறைவு. "நான்கால் பெருக்கினால் 1548 கிலோ தாங்குகிறதே தாத்தா, வெறும் வண்டி ஆயிரம் கிலோ அளவுதானே?" என்று பேரன் கேட்டான். கணக்கு சரிதான். ஆனால் பாரம் நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்காவதில்லை. மூட்டைகள் முழுவதும் பின்சக்கரங்களின் மேல். அன்றியும், காற்று சரியாக இருந்தால்தான் அந்தத் தாங்கும் எண் செல்லும். காற்றுக் குறைந்த டயர் உருளும்போதெல்லாம் பக்கச்சுவர் மடங்கி நிமிர்ந்து சூடேறும். மே மாதத்துத் தார்ச்சாலை வேறு. இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் நான் என் மகளை அழைத்து வந்திருக்கிறேன்.

இம்முறை சீட்டில் கண்டதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பேரனோடு கடைக்குப் போனேன். அப்போதும் சரியான அளவு கைக்கு எளிதில் கிட்டவில்லை. ஒரு கடையில் 185/70 ஆர் 13 காட்டினார்கள். "பார்வைக்கு எடுப்பாக இருக்கும், பெரியது நல்லதுதானே?" என்றார்கள். கணக்குப் பார்த்தோம். உயரம் 589 மில்லிமீட்டர். நூற்றுக்கு இரண்டரை அளவு கூடுதல். முன்பு மீட்டர் கூடுதலாகக் காட்டியது. இப்போது குறைவாகக் காட்டும். நாம் நினைப்பதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருப்போம். பாரம் ஏற்றி முழுவதும் திருப்பும்போது சக்கரம் உடலில் உரசவும் கூடும். ஒரு பிழையை மற்றொரு பிழையால் திருத்த வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது கடையில் சரியான அளவே இருந்தது. விலையிலும் சலுகை சொன்னார்கள். ஆனால் டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் உண்டு. அதையும் பார்க்க வேண்டும் என்று வையம்பட்டிப் பெரியவர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு இலக்கம் டயர் உருவான வாரம், பின் இரண்டு ஆண்டு. அங்கே 4614 என்று இருந்தது. 2014-ஆம் ஆண்டின் நாற்பத்தாறாவது வாரம். கண்ணுக்குப் புதிது, வயதோ நாலரை. ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். பழைய வண்டிக்காரர்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம் அளவைக் கேட்போர் குறையக் குறைய, அந்த அளவு டயர்கள் கடையிலேயே முதுமை அடைகின்றன.

முடிவில், ஓராண்டுக்கு முன் நான் பேசவிடாமல் தடுத்த அந்தப் பழைய கடைக்காரரிடமே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. "பொறுத்திருங்கள் ஐயா, வரவழைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். ஒன்பது நாட்கள் காத்திருந்தோம். நான்கல்ல, ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து டயர்களாக வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பார்த்தோம், நான்கு இலக்க எண்ணையும் பார்த்தோம். காற்றேறும் வால்வுகளைப் புதிதாக மாற்றி, பாலன்சிங்கும் அலைன்மென்ட்டும் செய்துகொண்டோம். முன்பு மிச்சம் பிடித்த 3,200 ரூபாயைப்போல் பல மடங்கு அன்று கையைவிட்டுப் போயிற்று. என் மனைவி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எல்லாராலும் ஐந்தும் ஒருசேர மாற்ற இயலாது என்பதை அறிவேன். இரண்டுதான் மாற்ற முடியும் என்றால், ஓர் அச்சின் இருபுறமும் ஒரே அளவாக, ஒரே வகையாக இருக்கட்டும். புதியவற்றைப் பின்சக்கரங்களுக்குப் போடுவதே நல்லது. மழைச் சாலையில் வண்டியின் பின்பகுதி வழுக்கி இழுத்துக்கொண்டு போவதுதான் அடக்குவதற்குக் கடினம். மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், சீட்டில் கண்டபடி காற்றைச் சரிபாருங்கள். நெடும்பயணத்துக்கு முன் தவறாமல் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள்.

புதுச் சக்கரங்களோடு பேரனை அழைத்துக்கொண்டு வையம்பட்டிக்குப் போனேன். அரிசி மூட்டையையும் தொட்டில் கட்டையையும் எடுத்துவர வேண்டியிருந்தது. அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லவும் வேண்டியிருந்தது. போகும் வழியில் பேரன் கற்களை எண்ணினான். இருபது கல்லுக்கு மீட்டரும் இருபதே காட்டியது. சாலைக் கற்களை நட்டவர்கள் அளந்துதான் நட்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தொட்டிலில்தான் வளர்ந்தாள்.

2021-இல் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்து, பதிவைப் புதுப்பித்தோம். 2024-இல் டயர்களை மீண்டும் மாற்றும் வேளை வந்தது. அன்று நான் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த அந்தப் பேத்தி என் முழங்கையைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் எண்களைப் படிக்கக் கற்றிருந்தாள். சீட்டின்மேல் விரல் வைத்து, "ஒன்று, ஏழு, ஐந்து" என்று உரக்கப் படித்தாள்.

"சரியாகப் படித்தாயா? இன்னொரு முறை படி" என்றேன். அவள் படிக்கப் படிக்க, நான் எழுதிக்கொண்டேன்.